கணிப்பொறி கூறும் ஆரூடம்

கல்லூரியில் சேர்ந்த ஒரு மாணவி பட்டம் பெறுவாளா, அல்லது இரண்டாம் ஆண்டிலேயே பெட்டி படுக்கையுடன் ஊர் திரும்பிவிடுவாளா என்பதை அவள் சேர்ந்த முதல் மாதத்திலேயே கூறிவிட முடியுமா? முடியும் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல நம்புகின்றன. கைரேகை பார்த்தோ, கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டைப் பார்த்தோ அல்ல, கணிப்பொறியைக் கொண்டு. இதற்கென்றே மென்பொருள் செய்து விற்கும் நிறுவனங்களும் அங்கு உண்டு.

நாங்கள் மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவியர். அடுத்த ஆண்டு மலர் அச்சேறும் வேளையில் வெவ்வேறு கல்லூரிகளில் இருப்போம். எங்களைப் பற்றிய விவரங்களும் ஏதோ ஒரு கணிப்பொறியில் நாள்தோறும் சேர்ந்துகொண்டிருக்கும். ஆகையால் இதை வெறும் அயல்நாட்டுச் செய்தியாக எங்களால் படிக்க இயலவில்லை.

இதில் மாயம் ஏதுமில்லை. "இந்தப் பிள்ளை தீபாவளி விடுமுறைக்குப் போனால் திரும்பி வரமாட்டாள், பாருங்கள்" என்று விடுதியில் நெடுநாள் பணிபுரிந்த சிஸ்டர் ஒருவர் சொல்வதுண்டு அல்லவா? அவர் மனத்தில் பழைய பிள்ளைகள் பலருடைய முகங்கள் இருக்கின்றன. அவர்களுடைய சாயலைப் புதிய பிள்ளையிடம் காண்கிறார். கணிப்பொறி செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான். முன்பு படித்தவர்களின் மதிப்பெண், கட்டணம் செலுத்திய தேதி, பாடங்களுக்குப் பதிவு செய்த நாள், நூலகத்துக்குள் நுழைந்த நேரம் ஆகிய அனைத்தையும் அதற்குக் கொடுக்கிறார்கள். இடையில் நின்றவர்களிடம் எந்தெந்த அடையாளங்கள் மிகுதியாக இருந்தன என்று அது கணக்கிடுகிறது. பிறகு புதிதாய்ச் சேர்ந்தவளின் விவரங்களைப் பார்த்து, இவள் அவர்களைப் போன்றவளா என்று சொல்கிறது. பெரும்பாலும் விடை பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சாலை விளக்கு போலவே வந்துவிடும்.

ஆனால் சிஸ்டருக்கும் கணிப்பொறிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சிஸ்டர் அந்தப் பிள்ளையை மறுநாள் காலை உணவுக்கூடத்தில் பார்க்கிறார், பேசுகிறார், தம் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறார். கணிப்பொறி பார்ப்பது அவள் விட்டுச்சென்ற தடயங்களை மட்டுமே. அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள், மாணவர்கள் அடையாள அட்டையை எங்கெங்கே பயன்படுத்துகிறார்கள் என்பதை (விடுதி வாசல், நூலகம், தின்பண்டம் விற்கும் பொறி வரை) பெயர்களை நீக்கிவிட்டு ஆராய்ந்தார்கள். யாருடன் யார் பழகுகிறார்கள், யார் தனித்துப் போகிறார்கள் என்பதைக்கூட அதிலிருந்து ஊகிக்கலாம் என்று 2018-இல் அறிவித்தார்கள். வியக்கத்தக்கதுதான். எனினும், ஒருத்தி நூலகத்தில் எடுத்த புத்தகத்தை அறைத்தோழியர் மூவர் மாற்றி மாற்றிப் படித்தால், அட்டை காட்டுவது ஒருத்தியைத்தான். மற்ற இருவரும் புத்தகத்தையே தொடாதவர்கள் ஆகிவிடுவார்கள்.

இத்தகைய கணிப்பு எத்தனை முறை தவறும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை நாங்களாக எடுத்துக்கொண்ட எண்கள். ஒரு கல்லூரியில் 1,000 பேர் சேர்கிறார்கள். அவர்களுள் 100 பேர் இடையில் நின்றுவிடப் போகிறவர்கள். கணிப்பொறி அந்த 100 பேரில் 80 பேரைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுகிறது. நல்ல திறமை என்றே சொல்லுவோம். ஆனால் படிப்பை முடிக்கப்போகும் 900 பேரில் 15 விழுக்காட்டினருக்கும் அது தவறாகச் சிவப்பு விளக்கைப் போட்டுவிடுகிறது. அதாவது 135 பேருக்கு. இப்போது சிவப்பு விளக்குப் பெற்றவர்கள் 215 பேர். அவர்களுள் 135 பேர், அதாவது பாதிக்கும் மேற்பட்டவர்கள், நன்றாகப் படித்துப் பட்டம் பெறக்கூடியவர்கள்! எங்கள் வகுப்பில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது யாரும் முதலில் நம்பவில்லை.

ஆகவே கேள்வி, கணிப்பொறி சரியாகச் சொல்கிறதா என்பது மட்டுமன்று. அது சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. சிவப்பு விளக்கின் பயன் ஓர் அன்பான விசாரிப்பு என்றால், தவறாக விசாரிக்கப்பட்ட 135 பேருக்கும் பெரிய நட்டமில்லை. அதன் பயன் வெளியேற்றம் என்றால், எண்ணிப் பாருங்கள்.

இரண்டுக்கும் மெய்யான சான்றுகள் உண்டு. அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஏழை மாணவர்களும், கறுப்பின மாணவர்களும், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரியில் கால் வைப்பவர்களும் மிகுதி. 2003-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அங்குச் சேர்ந்து ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றவர்கள் 32 விழுக்காட்டினரே. 2012 முதல் அப்பல்கலைக்கழகம் ஒவ்வொரு மாணவரையும் பற்றி 800 அடையாளங்களை நாள்தோறும் கணிப்பொறியால் கவனிக்கத் தொடங்கியது. கூடவே புதிய ஆலோசகர்கள் பலரையும் நியமித்தது. விளக்கு எரிந்தால் ஆலோசகர் மாணவரை அழைத்துப் பேசுவார். சில நூறு டாலர் கட்டணப் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்பட இருந்தவர்களுக்குச் சிறு உதவித்தொகை வழங்கி அவர்களைத் தக்கவைத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் பட்டம் பெறுவோர் பாதிக்கு மேலாயினர். இதில் கணிப்பொறியின் பங்கு எவ்வளவு, ஆலோசகர்களின் பங்கு எவ்வளவு, உதவித்தொகையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். பல சீர்திருத்தங்கள் ஒரே காலத்தில் நடந்தன. பாராட்டுவோர் பெரும்பாலும் கணிப்பொறியையே பாராட்டுகிறார்கள். பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியது மனிதர்கள் என்பதை நாங்கள் குறித்துக்கொண்டோம்.

அங்கேகூட ஒரு சிக்கல் எழுந்தது. செவிலியர் படிப்பை முடிப்பார்களா என்பதை, அப்பாடத்தைவிட முதலாண்டுக் கணிதத்தில் எடுத்த மதிப்பெண்ணே நன்றாகக் காட்டியது. சரி, கணிதத்தில் குறைவாக எடுத்த ஒரு மாணவியிடம் ஆலோசகர் என்ன சொல்ல வேண்டும்? "கணிதத்துக்குத் தனி வகுப்பு இருக்கிறது, வா" என்றா? "உனக்குச் செவிலியர் படிப்பு ஒத்துவராது, வேறு பாடம் பார்" என்றா? ஒரே எண்ணிலிருந்து இரண்டு சொற்களும் பிறக்கலாம். எங்கள் வகுப்பில் செவிலியராக விரும்புவோர் பலர். அவர்களுள் சிலருக்குக் கணக்கு என்றாலே காய்ச்சல். இந்த இடத்தைப் படித்தபோது வகுப்பில் சிறிது நேரம் பேச்சே எழவில்லை.

மற்றொரு சான்று கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்தே கிடைக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை என்றே கருதுகிறோம். மேரிலாந்து மாநிலத்தில் எம்மிட்ஸ்பர்க் என்னும் சிற்றூர் இருக்கிறது. புனித எலிசபெத் ஆன் சீட்டன் 1809-இல் அங்கு வந்துதான் தம் கன்னியர் சபையையும் சிறுமியருக்கான பள்ளியையும் தொடங்கினார். அமெரிக்க மண்ணில் பிறந்தவர்களுள் முதன்முதலாக, 1975-இல், புனிதர் பட்டம் பெற்றவர் அவர். அவ்வூரில் 1808 முதல் நடந்துவருவது மவுண்ட் செயிண்ட் மேரிஸ் பல்கலைக்கழகம். 2015-இல் அதன் தலைவராகப் பொறுப்பேற்றவர் சைமன் நியூமன். முன்பு முதலீட்டுத் துறையில் இருந்தவர்.

அமெரிக்கக் கல்லூரிகள் ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் முதலாண்டு மாணவர் எண்ணிக்கையை அரசுக்கு அறிவிக்க வேண்டும். அவர்களுள் எத்தனை பேர் மறு ஆண்டு திரும்பி வந்தார்கள் என்ற விகிதம் வெளியாகும். அதை வைத்துக் கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்துவார்கள். இப்போது 100 பேர் சேர்ந்து 80 பேர் திரும்பி வந்தால் விகிதம் 80. ஆனால் போய்விடக்கூடியவர்கள் என்று தோன்றும் ஐவரை, எண்ணிக்கை எடுக்கும் நாளுக்கு முன்பே அனுப்பிவிட்டால்? 95 பேரில் 80 பேர். விகிதம் 84-க்கு மேல் ஏறிவிடும். யாருக்கும் ஒரு பாடமும் கூடுதலாகச் சொல்லித்தரவில்லை. ஒரு பிள்ளையும் கூடுதலாகத் தேறவில்லை. எண் மட்டும் அழகாகிவிட்டது!

நியூமன் எண்ணியது இதுவே. 2015 இலையுதிர்ப் பருவத்தில் புதிய மாணவர்களுக்கு ஒரு வினாத்தாள் கொடுக்கப்பட்டது. உங்களை நீங்களே அறிந்துகொள்ள உதவும் கருவி இது, இதில் தவறான விடை என்று ஏதுமில்லை, உண்மையாக எழுதுங்கள் என்று அதில் கூறப்பட்டிருந்தது. மனச்சோர்வு பற்றிய வினாக்களும் அதில் இருந்தன. செப்டம்பர் 25-க்குள் 20 முதல் 25 மாணவர்கள் வெளியேற வேண்டும், அதனால் விகிதம் 4 அல்லது 5 விழுக்காடு உயரும் என்று தலைவர் எழுதிய கடிதம் பின்னால் வெளிவந்தது. ஆசிரியர்கள் சிலர் தயங்கினார்கள். பெயர்ப் பட்டியல் தர மறுத்தார்கள். மாணவர்களை முயல்குட்டிகள் போல நினைக்கிறீர்கள், முயல்குட்டிகளை நீரில் அமிழ்த்தத்தான் வேண்டும் என்ற கருத்தில் அவர் ஓர் ஆசிரியரிடம் பேசினாராம். அதற்கு அடுத்து அவர் கூறிய உவமை இதனினும் கொடியது. அதை இம்மலரில் அச்சிட எங்களுக்கு மனமில்லை.

இதையெல்லாம் 2016 ஜனவரியில் வெளிக்கொணர்ந்தது எந்தப் பெரிய நாளிதழும் அன்று. அப்பல்கலைக்கழக மாணவர்களே நடத்தும் 'மவுண்டன் எக்கோ' என்னும் இதழ். பிப்ரவரியில், அவ்விதழுக்கு ஆலோசகராக இருந்த ஆசிரியரும், தலைவரின் திட்டங்களை எதிர்த்த தத்துவப் பேராசிரியர் ஒருவரும் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்ததால் சில நாட்களிலேயே திரும்ப அழைக்கப்பட்டார்கள். பிப்ரவரி 29 அன்று நியூமன் பதவி விலகினார். திட்டமிட்ட வெளியேற்றம் நடக்கவே இல்லை.

அவர் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். கடன் வாங்கிச் சேர்ந்து, பின்னால் பாதியில் நின்று, கடனை மட்டும் சுமப்பதைவிட, தொடக்கத்திலேயே கட்டணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போவது அந்த மாணவருக்கே நல்லதல்லவா என்று அவர் வாதிட்டார். இந்த வாதத்தில் சிறிது உண்மை உண்டு. ஆனால் அது மாணவர்மேல் கொண்ட அக்கறை என்றால், எண்ணிக்கை நாளுக்கு முன் என்ற அவசரம் ஏன்? வினாத்தாளின் நோக்கத்தை அவர்களுக்கு மறைத்தது ஏன்? தம் சோர்வை நம்பி எழுதிக்கொடுத்த பிள்ளைக்கு, அந்த எழுத்தே எதிர்ச்சாட்சி ஆகும் நிலை வந்தது. கணிப்பைவிட இந்த மறைப்பே பெரிய பிழை என்பது எங்கள் துணிபு.

கணிப்பொறிக்கு ஓரவஞ்சனை இல்லை, அது எல்லாரையும் ஒரே கண்ணால் பார்க்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். இலண்டனில் செயிண்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் நடந்ததைக் கேளுங்கள். வந்து குவியும் விண்ணப்பங்களைப் படித்துச் சலித்த ஒரு மருத்துவர் 1970-களின் பிற்பகுதியில் ஒரு நிரல் எழுதினார். முன்பு தேர்வுக்குழுவினர் எப்படித் தேர்ந்தார்களோ அப்படியே தேர்வதற்கு அதைப் பழக்கினார். குழுவின் முடிவோடு 90 விழுக்காட்டுக்கு மேல் அது ஒத்துப்போனது, எல்லாருக்கும் மகிழ்ச்சி. 1982 முதல் நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்பதை அதுவே முடிவு செய்தது. 1986-இல் அக்கல்லூரி மருத்துவர்கள் இருவர் இன சமத்துவ ஆணையத்திடம் முறையிட்டார்கள். 1988-இல் வெளியான விசாரணை முடிவு, ஐரோப்பியப் பெயர் இல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் அந்த நிரல் மதிப்பெண்ணைக் குறைத்துவந்ததைக் கண்டது. அதனால் நேர்காணல் வாய்ப்பை இழந்தவர்கள் ஆண்டுக்கு 60 பேர் வரை இருக்கலாம் என்றும் கூறியது. பொறி தானாக எதையும் கற்பனை செய்யவில்லை. பெரியவர்கள் மனத்தில் ஊறிக்கிடந்ததை அப்படியே பாடம் செய்து ஒப்பித்தது.

இதில் மற்றொரு வேடிக்கை. அந்தக் கல்லூரி, இலண்டனின் பிற மருத்துவக் கல்லூரிகள் பலவற்றைவிடக் கூடுதலாகவே ஐரோப்பியரல்லாத மாணவர்களைச் சேர்த்திருந்தது. மற்ற இடங்களில் பாரபட்சம் குழுவினரின் மனத்துக்குள் இருந்தது, தடயம் கிடையாது. இங்கு மட்டும் அது நிரலாக எழுதிவைக்கப்பட்டிருந்ததால் அகப்பட்டுக்கொண்டது. கணிப்பொறியில் இப்படி ஒரு நன்மையும் இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க விட்டால்! இன்றைய நிரல்கள் பல, விற்கும் நிறுவனத்தின் வணிக இரகசியம் என்று பூட்டிவைக்கப்படுகின்றன.

அது பழைய கதை என்று விட முடியாது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் பயன்பட்ட மென்பொருள் மாணவரின் இனத்தையும் கணக்கில் கொண்டது. அங்கு வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு 2.8 மடங்கு மிகுதியாக 'பெரும் ஆபத்து' என்ற அடையாளம் விழுந்ததை 'தி மார்க்கப்' என்னும் செய்தி நிறுவனம் 2021-இல் வெளியிட்டது. ஆண்களிடையே அது 3.9 மடங்கு. அதன்பின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் கணிப்பிலிருந்து இனத்தை நீக்குவதாக அறிவித்தது. ஆனால் இனம் என்ற ஒரு கட்டத்தை அழித்துவிட்டால் போதுமா? படித்த பள்ளி, வசிக்கும் தெரு, பெற்றோர் வருமானம் ஆகியவை அதையே வேறு பெயரில் சொல்லும்.

இந்தக் கருவிகளைப் பற்றிய புகழுரைகளையும் சற்று உரசிப் பார்ப்பது நல்லது. இந்தியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழகம் 2007-இல் பாடந்தோறும் விளக்குக் காட்டும் முறையைக் கொண்டுவந்தது. அத்தகைய பாடங்கள் இரண்டு அல்லது அதற்கு மேல் படித்தவர்கள் இடையில் நிற்பது குறைவு என்று பெருமையுடன் அறிவித்தது. 2013-இல் சிலர் ஐயம் எழுப்பினார்கள். நம் பள்ளியில் ஆண்டுவிழாதோறும் எல்லாருக்கும் ஒரு லட்டு தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து லட்டு பெற்றவர்கள் ஐந்து ஆண்டு படித்தவர்களாகவே இருப்பார்கள். அதைக் கொண்டு, லட்டு தின்றால் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பதில்லை என்று எழுதலாமா? நீண்ட காலம் தங்கியவர்களுக்கே இரண்டு மூன்று விளக்குப் பாடங்கள் கிடைத்தன என்பதே அவர்களுடைய மறுப்பு.

ஒரு பிள்ளைக்குச் சிவப்பு விளக்கு எரிகிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிட்டால் அவர் அவளைப் பார்க்கும் பார்வை மாறுமா என்பதும் கேட்க வேண்டியதே. ரோசந்தால், ஜேக்கப்சன் என்னும் இருவர் 1968-இல் வெளியிட்ட ஆராய்ச்சி புகழ்பெற்றது. கலிபோர்னியாப் பள்ளி ஒன்றில், குருட்டாம்போக்கில் பொறுக்கிய சில குழந்தைகளை 'மலரப்போகிறவர்கள்' என்று ஆசிரியைகளிடம் கூறினார்கள். சிறு வகுப்புகளில் அக்குழந்தைகள் மற்றவர்களைவிட முன்னேறினார்கள். அந்த முடிவின் அளவைப் பற்றிப் பின்னால் பலர் வாதாடினார்கள். ஆசிரியைகளாயிருக்கும் அம்மாக்களைக் கேட்டால் வாதாடாமலே தலையாட்டுவார்கள்.

அப்படியானால் பல்கலைக்கழகம் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா? அதுவும் சரியாகத் தோன்றவில்லை. ஒருத்தி தடுமாறுகிறாள் என்று ஏட்டில் தெரிந்த பிறகும் பேசாமலிருப்பது கண்டும் காணாமற்போவதே. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஓப்பன் யூனிவர்சிட்டி, 2014-இல் இதற்கென ஓர் ஒழுங்குமுறையை வகுத்தது. மாணவர் விவரத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதை அவர்களிடம் மறைக்கக்கூடாது. ஒருவரைக் கண்ணுக்குத் தெரியும் விவரங்களைக் கொண்டு மட்டும் முழுமையாக அளந்துவிடக்கூடாது என்பவை அதன் சாரம். ஐரோப்பாவில் 2018 மே முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, ஒருவரைப் பெரிதும் பாதிக்கும் முடிவைப் பொதுவாகப் பொறி மட்டும் எடுக்கலாகாது. 2024-இல் அங்கு இயற்றிய மற்றொரு சட்டம், கல்விக்கூடங்களில் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளைத் தடைசெய்தது.

நம் நாட்டில் 2023-இல் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் வெளியான விதிகள், அதைப் படிப்படியாக நடைமுறைப்படுத்தக் காலம் குறித்துள்ளன. 18 வயது நிரம்பாதவரின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது சட்டம். கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகளும் தருகிறது. கல்லூரி விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் உறுதிமொழியை நம் வீடுகளில் யாரும் படிப்பதில்லை. அப்பா கையெழுத்திடுவார், நாம் புகைப்படம் ஒட்டுவோம். இனி அதையும் படித்துப் பார்க்கும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். இந்த விவரம் எதற்கு, வேறு யாரிடம் போகும், எத்தனை ஆண்டு இருக்கும், தவறாக இருந்தால் எந்த அலுவலகத்தில் திருத்துவார்கள் என்று சேர்க்கையின்போதே கேட்கலாம். எங்கள் வகுப்பில் பெரும்பாலோர்க்குக் கல்லூரியின் முதலாண்டில்தான் 18 நிரம்பும். அதன்பிறகு வரும் படிவங்களில் ஒப்புதல் கையெழுத்து எங்களுடையதாக இருக்கும்.